முள் எண்ணிக்கை

சன்னலுக்கு வெளியே நாகமலை வரைக்கும் சீமைக்கருவேலம்.
உள்ளே நானும் முள்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நரம்புக் கிளையொன்றில்
பத்து மைக்ரானுக்கு எத்தனை முள்.
முள் குறைந்தால் மூளை வளைந்து கொடுக்காது,
கற்றது ஒட்டாது.
இதைச் சொன்னபோது
"வெளிய அதைத்தான ஜேசிபி வச்சுப் புடுங்குறாக" என்றாள் ஒச்சம்மாள்,
கூண்டில் மரத்தூள் மாற்றிக்கொண்டே.

கருமாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள்.
எலிகளுக்குப் பேர் வைக்கக்கூடாது என்பது விதி.
வைத்திருக்கிறாள்,
என்னிடம் சொல்வதில்லை.

சினையான பத்தாம் நாளிலிருந்து ஈனும் நாள் வரை
தாய் எலியின் குடிநீரில் மருந்து.
சிலதற்கு மருந்து, சிலதற்கு வெறும் தண்ணீர்.
எது எதற்கென்று எனக்குத் தெரியாது.
தெரிந்தால் கண் தானாகவே கூட்டி எண்ணும் என்று
அந்தத் தாள் வேறொருவர் பீரோவில்.

குட்டிகளில் பாதிக்கு
ஒரு குரோமோசோம் துண்டு மூன்றாவதாக இருக்கும்.
அதுகளுக்கு வயிற்றிலேயே கொடுத்துவிட வேண்டும்.
பிறந்தபின் கொடுப்பது
பந்தி முடிந்து வந்திறங்கும் இலைக்கட்டு.

ஒருநாள் பாட்டில் கழுவியபடி கேட்டாள்:
"அப்ப இது இருந்திருந்தா தவசி எப்படி இருந்திருப்பான்?"
இது எலிக்கு மட்டும்தான் என்றேன்.
"அது தெரியும்.
எப்படி இருந்திருப்பான்?"

தவசிக்குப் பதினொரு வயது.
அவனிடமும் மூன்று.
பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை கூட வந்தான்.
தொட்டியில் பால்பவுடர் கரைத்த வெள்ளைத் தண்ணீர்,
கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஒரு மேடை.
எலி அதைத் தேடி ஏற வேண்டும். அறுபது நொடி.
"தெப்பக்குளம்" என்றான்.
நான் திருத்தவில்லை.
நடுமண்டபம் முங்கிப்போன தெப்பக்குளம்தான் அது.

ஒவ்வொரு எலி ஏறும்போதும் கைதட்டினான்.
பதினாலாம் எலி நடுவுக்கு வரவே இல்லை.
சுவரை உரசிச் சுற்றியது,
சுற்றியது.
கேமரா அதைச் சிவப்புக் கோடாக வரைந்தது.
அட்டவணையில் அதற்கும் கட்டம் உண்டு:
சுவரோரம் நீந்திய நேரம், சதவீதத்தில்.
"பயம்" என்றான் தவசி,
கையை மடியில் வைத்துக்கொண்டு.
"அதான் செவுரைப் பிடிச்சுப் போகுது."

சாயங்காலம் அவர்கள் கிளம்பியபோது பார்த்தேன்.
தாழ்வாரம் நெடுக
அவன் வலது கை சுவரை விடவில்லை.
சுவிட்ச் பெட்டி வந்தபோது அதன்மேல் ஏறி இறங்கியது.
தீயணைப்பான் வந்தபோது அதன் கழுத்தை ஒரு கணம் பிடித்தது.
வாசலில் சுவர் தீர்ந்ததும்
அம்மாவின் சேலை.

முள் எண்ண வேண்டுமென்றால் எலி உயிரோடு இருக்கக்கூடாது.
இதைப்பற்றி ஒரு வரிக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

ஆனியில் தாளைப் பிரித்தார்கள்.
மருந்து குடித்த தாய்களின் பிள்ளைகளுக்கு முள் கூடியிருந்தது,
ஏறத்தாழ மற்ற எலிகளின் அளவுக்கு.
நீச்சல் நேரமும் குறைந்திருந்தது, சராசரியில்.
எல்லாருக்கும் பருத்திப்பால் வந்தது.
நான் தம்ளரை ஆறவிட்டு
பதினாலு எந்தப் பக்கம் என்று தேடினேன்.

மருந்துப் பக்கம்.
மூன்று உள்ளது.
முள்ளும் நிறைய. என் கையெழுத்திலேயே இருக்கிறது.
அப்படியும் சுவர்.

"அன்னைக்கிச் செவுரைப் பிடிச்சுப் போச்சே,
அது மருந்து குடிச்சதா, பச்சத்தண்ணியா?"

சொன்னேன்.

சிரித்தாளா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.
"வீரணன்னு பேரு வச்சிருந்தேன் அதுக்கு" என்றாள்.
புதன்கிழமை வரப்போகும் சினை எலிகளுக்காக
கழுவிய பாட்டில்களை
ஒவ்வொன்றாக வெயிலில் கவிழ்த்தாள்.